ஆட்டிசம் உள்ள மாணவர்களுக்கு அறிவியலை மின்பாடமாக எழுதுவது எப்படி?

தண்டையார்பேட்டை ஆசிரியை – கேள்வி

அனைவருக்கும் வணக்கம். தண்டையார்பேட்டையில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு அறிவியல் நடத்துகிறேன். ஏழாம் வகுப்பில் ஆட்டிசம் உள்ள மாணவர்கள் இருவர் இருக்கிறார்கள். (அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியே எழுதுகிறேன்.) பையன் தமிழை எழுத்துப் பிசகாமல் வாசிப்பான்; பாடநூலில் எந்தப் பத்தியைக் காட்டினாலும் ஒரே மூச்சில் வாசித்து முடித்துவிடுவான். அதே பத்தியிலிருந்து "ஈரத்துணி வெயிலில் ஏன் சீக்கிரம் காய்கிறது?" என்று கேட்டால், பதிலாகப் பத்தியின் முதல் வரியைத் திரும்பச் சொல்வான். பெண் மிகக் குறைவாகப் பேசுவாள். படங்களைத் தொட்டுத் தன் தேவையைத் தெரிவிக்கும் செயலி ஒன்றைப் பயன்படுத்துகிறாள். படங்களை வெகுநேரம் கூர்ந்து பார்ப்பாள், நீண்ட பத்தியைக் கண்டால் புத்தகத்தை மூடிவிடுவாள்.

பாடநூலில் உள்ள க்யூஆர் குறியீட்டின் வழியாகத் திக்ஷா தளத்துக் காணொலிகளைக் காட்டிப் பார்த்தேன். இருவரும் விரும்பித்தான் பார்க்கிறார்கள். ஆனால் காணொலி தன் வேகத்தில் ஓடிவிடுகிறது. முடிந்த பிறகு பையனிடம் கேட்டால், அதில் வந்த பின்னணி இசையை அப்படியே பாடிக் காட்டுகிறான். ஆகவே எழுத்தையே அடிப்படையாகக் கொண்டு, மாணவர் தன் வேகத்தில் நகர்த்திக்கொள்ளக்கூடிய மின்பாடமாக எழுதலாம் என்று நினைக்கிறேன். கடினமான சொல்லைத் தொட்டால் அதன் பொருளும் படமும் வர வேண்டும். விரும்பினால் குரலும் வாசித்துக் காட்ட வேண்டும். பள்ளியில் டேப்லெட் ஒன்று இருக்கிறது. முதலில் ஆவியாதலையும் உணவுச் சங்கிலியையும் எடுத்துக்கொள்ளப் போகிறேன்.

இத்தகைய பாடத்தில் எவற்றைச் சேர்க்க வேண்டும், எவற்றை விட்டுவிட வேண்டும், எந்த அளவுக்கு எளிமையாக்கலாம் என்பதை அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். பாடநூலை இப்படி மாற்றி எழுதுவதற்குச் சட்டப்படி தடை ஏதும் உண்டா என்பதையும், தமிழுக்கு எந்தக் கருவிகள் ஒழுங்காக வேலை செய்கின்றன என்பதையும் அறிய விரும்புகிறேன்.

பெரம்பூர் சிறப்புப் பயிற்றுநர்

டீச்சர், வணக்கம். பெரம்பூர், வியாசர்பாடி வட்டாரப் பள்ளிகளில் சிறப்புப் பயிற்றுநராக வேலை செய்கிறேன். நீங்கள் சொல்லும் பையனைப் போன்ற பிள்ளைகள் எல்லாப் பள்ளியிலும் இருக்கிறார்கள். வாசிப்பு சரளமாக இருப்பதாலேயே பாடமும் புரிந்துவிட்டதென்று நாம் எண்ணிவிடுகிறோம். எழுத்தை ஒலியாக மாற்றும் திறன் வேறு, வரிகளுக்கு இடையில் உள்ள தொடர்பைப் பிடிக்கும் திறன் வேறு. ஆட்டிசம் உள்ள பலருக்கு முதலாவது கூர்மையாகவும் இரண்டாவது தளர்வாகவும் இருக்கிறது. நுணுக்கங்களைத் துல்லியமாகப் பற்றிக்கொள்ளும் மனம் அவற்றை ஒன்றாகக் கோத்து முழுப்பொருளாகக் காண்பதில் பின்தங்கலாம் என்ற கருத்தை உளவியலாளர் உட்டா ஃபிரித் 1989-இல் முன்வைத்தார். அது எல்லோருக்கும் பொருந்துமா என்பதில் வாதங்கள் உண்டு. ஆனால் அறிவியல் பாடம் எழுதும்போது அதை நினைவில் வைத்திருப்பது பயன்படுகிறது.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். மின்பாடத்தைக் கையில் கொடுத்துவிட்டால் அதுவே கற்பித்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். அமெரிக்காவில் விக்டோரியா நைட் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் ஆட்டிசம் உள்ள நடுநிலைப் பள்ளி மாணவர்கள் சிலருக்குக் கேஸ்ட் நிறுவனத்தின் புக் பில்டர் என்ற கருவியில் அறிவியல் பாடங்களை எழுதிக் கொடுத்துச் சோதித்து, 2015-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அந்தக் கருவியில் சொற்பொருள் பெட்டி, வாசிக்கும் குரல், இடையிடையே கேள்வி கேட்கும் படப்பாத்திரம் ஆகிய எல்லாமே இருந்தன. அப்படியிருந்தும், ஒவ்வொரு சொல்லையும் நேரடியாகக் கற்பிக்கும் பகுதியை உள்ளே சேர்த்த பிறகுதான் பயன் தெளிவாகத் தெரிந்தது. மிகச் சிலரை வைத்துச் செய்த ஆய்வு என்பதால் அதைப் பெரிதாக நீட்டிப் பேசக்கூடாது. இருந்தாலும் வகுப்பில் நான் காண்பதும் அதுவேதான்.

நேரடியாகக் கற்பிப்பது என்றால் என்னவென்று ஆவியாதலை வைத்தே சொல்கிறேன். பொருள் பெட்டியில் ஒரு வரையறையை மட்டும் எழுதினால் பையன் அதையும் மனப்பாடம் செய்துவிடுவான். வரையறைக்குக் கீழே காயும் துணி, துடைத்த தரை, வெயிலில் வைத்த தட்டு ஆகிய படங்களைக் காட்டி "இது ஆவியாதல்" என்று எழுதுங்கள். அதற்குப் பிறகு உருகும் ஐஸ், குழாயில் ஒழுகும் நீர், சாக்கடையில் வடியும் மழைநீர் ஆகியவற்றைக் காட்டி "இது ஆவியாதல் அன்று" என்று எழுதுங்கள். ஆவியாதல் அல்லாததைப் பார்க்காமல் ஆவியாதலின் எல்லை அவனுக்குத் தெரியாது. அடுத்த பக்கத்தில் புதிய படம் ஒன்றைத் தந்து அவனையே பிரிக்கச் சொல்லுங்கள். தவறாகத் தொட்டால் சிவப்புக் குறியும் ஒலியும் வேண்டாம், உரிய காரணத்தை ஒரு வரியில் காட்டினால் போதும்.

அடுத்து வாக்கியம். நம் பாடநூல் நடையில் எச்சங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நீண்டு, வினைமுற்று கடைசியில் வந்து நிற்கும். "வெப்பத்தை ஏற்ற திரவத்தின் மேற்பரப்பிலுள்ள துகள்கள் அதிக ஆற்றலைப் பெற்று அதிலிருந்து விடுபட்டு வாயுவாக மாறுகின்றன" என்ற வகை வாக்கியத்தைக் கொடுத்து, "எதிலிருந்து விடுபட்டன?" என்று கேளுங்கள். "ஆற்றலிலிருந்து" என்று பதில் வரும். இதைச் சரிசெய்வதாக எண்ணிப் பலர் வாக்கியத்தை நான்கு துண்டுகளாக நறுக்கிவிடுகிறார்கள். நீளம் குறைகிறது என்பது உண்மைதான்; ஆனால் "ஆதலால்", "ஏனெனில்" போன்ற இணைப்புகளும் சேர்ந்து உதிர்ந்துவிடுகின்றன. அறிவியலில் காரணத்தைச் சுமப்பவை அந்தச் சொற்களே. ஆகவே சுருக்குங்கள், இணைப்பை மட்டும் விடாதீர்கள். "அது", "அவை" வரும் இடத்தில் பெயரையே மறுபடி எழுதுங்கள். எண்ணூரைத் தாண்டி அத்திப்பட்டுப் பக்கத்து உப்பளத்தைக் காட்டி நான் எழுதிய பக்கம் இப்படி இருக்கும்:

"பாத்தியில் கடல்நீர் நிற்கிறது. கடல்நீரில் உப்பு கரைந்திருக்கிறது. வெயில் கடல்நீரைச் சூடாக்குகிறது. கடல்நீர் சூடாவதால், கடல்நீரில் உள்ள நீர் ஆவியாகிக் காற்றில் கலக்கிறது. உப்பு ஆவியாவதில்லை. ஆதலால் உப்பு பாத்தியிலேயே தங்குகிறது."

வாசிப்பதற்கு அழகான நடை இல்லைதான். ஆனால் "உப்பு எங்கே போனது?" என்ற கேள்விக்கு இதிலிருந்து பதில் சொல்ல முடியும். இன்னொன்றும் உண்டு: "உப்பு நீரில் மறைந்துவிடுகிறது", "செல் ஒரு தொழிற்சாலை" என்பவை போன்ற தொடர்களை எடுத்துவிடுங்கள். மறைந்தது என்றால் இல்லாமல் போனது என்றே கொள்வார்கள். தொழிற்சாலை என்றால் வேலையாட்களைத் தேடுவார்கள்.

அந்தப் பெண்ணைப் பற்றி ஒன்று. அவள் பயன்படுத்தும் செயலியில் "ஆவியாதல்", "உப்பு", "வெயில்", "தங்குகிறது" ஆகிய சொற்கள் படத்துடன் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். சென்னையில் உருவான ஆவாஸ் போன்ற செயலிகளில் நாமே புதிய சொல்லையும் படத்தையும் சேர்க்க முடியும். பதில் சொல்வதற்கான சொல் கையில் இல்லாதவளிடம் பாடம் புரிந்ததா என்று சோதிப்பது நியாயமாகாது. மின்பாடத்தில் உள்ள அதே படத்தையே செயலியிலும் வையுங்கள்.

காசிமேட்டுத் தாய்

என் மகனுக்கு இப்போது பதினைந்து வயது. அவனுக்காகக் கைப்பேசியிலேயே சில பாடங்களைச் செய்து பழகியவள் என்ற முறையில் எழுதுகிறேன். மேலே சார் சொல்வது பெரும்பாலும் சரி. ஆனால் படங்களைப் பற்றி நான் கூடுதலாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் வீட்டில் எல்லாச் சிக்கலும் படத்திலிருந்தே தொடங்கின.

வரைந்த படத்தைவிட அவன் கண்ணால் கண்ட பொருளின் புகைப்படம் எளிதில் புரிந்தது. எங்கள் தெருவில் மீனைக் கீறி உப்பிட்டுக் கருவாடாகக் காயவைப்பார்கள். காலையில் ஈரமாக இருந்த மீனைத் தராசில் வைத்து, எடை தெரியும்படி படம் எடுத்தேன். காய்ந்த பிறகு அதே மீனை, அதே தராசில், அதே கோணத்தில் எடுத்தேன். இரண்டையும் பக்கத்தில் பக்கமாக வைத்து, "எடை குறைந்திருக்கிறது. ஏனெனில் மீனிலிருந்த நீர் காற்றுக்குப் போய்விட்டது" என்று எழுதினேன். தராசின் எண்ணை அவன் நம்பினான். உப்பு மீனுக்குள் இருக்கும் நீரை வெளியே இழுக்கிறது, வெளியே வந்த நீர்தான் ஆவியாகிறது என்ற இரண்டு படிகளையும் தனித்தனிப் பக்கங்களில் வைக்க வேண்டியிருந்தது; ஒரே பக்கத்தில் வைத்தபோது உப்புதான் ஆவியாகிறது என்று சொன்னான்.

இதில் ஒரு சிக்கலும் வந்தது. ஆவியாதல் என்றால் மீனுக்கு நேர்வது என்று அவன் முடிவு செய்துவிட்டான். மாடியில் துணி காய்கிறதே என்று கேட்டால், "துணியில் மீன் இல்லை" என்றான். அதற்குப் பிறகுதான் துணி, தரை, தட்டில் தெளித்த நீர் எல்லாவற்றையும் ஒரே அமைப்பில், முதல் படம், இரண்டாம் படம், "ஏனெனில்" என்று தொடங்கும் ஒரு வரி என்று எழுதிச் சேர்த்தேன். படத்தில் மாறியது எது, மாறாமல் இருந்தது எது என்பதை அவனே விரலால் காட்டத் தொடங்கிய பின்னரே மீன் பின்னுக்குப் போனது. சொந்த ஊர்ப் படம் நல்ல தொடக்கம்தான், டீச்சர். அதோடு நிறுத்திவிட்டால் பாடம் அந்த ஊரைவிட்டு வெளியே வராது.

உணவுச் சங்கிலியில் அம்புக்குறியைக் கவனமாகக் கையாளுங்கள். மிதவைத் தாவரம், மிதவை விலங்கு, மத்தி, வஞ்சிரம் என்று எழுதி இடையில் அம்புக்குறி போட்டால், அது உணவும் ஆற்றலும் போகும் திசையைக் குறிக்கிறது. என் மகன் அதைத் தாக்கும் திசை என்று எடுத்துக்கொண்டு, மத்தி வஞ்சிரத்தைத் தின்னும் என்றான். அம்புக்குறியின் மீதே "இதற்கு உணவாகிறது" என்று எழுதினேன். வெறும் அம்புக்குறியை இப்போதும் அவன் விரும்புவதில்லை, ஆனால் எழுதிய அம்புக்குறியைச் சரியாக வாசிக்கிறான்.

தொட்டால் ஒலி எழுப்பும் படங்களை முற்றிலும் தவிர்த்துவிடுங்கள். ஒலிக்காகவே திரும்பத் திரும்பத் தொட்டுக்கொண்டிருப்பார்கள், பக்கம் நகராது.

ராயபுரம் வாசகர்

எனக்கு வளர்ந்த பிறகே ஆட்டிசம் என்று உறுதி செய்தார்கள். இயற்பியலில் இளநிலைப் பட்டம் படித்திருக்கிறேன். இந்த உரையாடலில் பெற்றோரும் ஆசிரியர்களும் பேசுவதால், படித்தவன் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

சிறப்புப் பயிற்றுநர் எழுதிய உப்பளப் பக்கத்தில் ஒரு குறை இருக்கிறது. "வெயில் சூடாக்குகிறது, சூடாவதால் நீர் ஆவியாகிறது" என்று மட்டும் படித்திருந்தால், நான் சிறுவயதில் வெயில் இல்லாத இடத்தில் நீர் ஆவியாகாது என்று உறுதியாக நம்பியிருப்பேன். இரவில் கொடியில் துணி காய்ந்ததைப் பார்த்ததும் புத்தகம் பொய் சொல்கிறது என்று எண்ணியிருப்பேன். ஆவியாதல் எந்த வெப்பநிலையிலும் நிகழ்கிறது. நீரில் உள்ள எல்லாத் துகள்களும் ஒரே வேகத்தில் இயங்குவதில்லை. மேற்பரப்பில் இருப்பவற்றுள் வேகம் மிகுந்தவை காற்றுக்குள் போய்விடுகின்றன. வெயில் அத்தகைய துகள்களின் எண்ணிக்கையைக் கூட்டுகிறது, அதனால் வேகம் கூடுகிறது. காற்று வீசினாலும் கூடுகிறது. காற்றில் ஏற்கெனவே ஈரம் மிகுந்திருந்தால் குறைகிறது. கார்த்திகை மாதத்தில் ராயபுரத்தில் துணி காய்வதற்கு ஆகும் நேரத்தை நினைத்துப் பாருங்கள். கொதித்தல் வேறு: கடல்மட்டத்தில் 100 டிகிரி செல்சியஸில், நீரின் உள்ளேயும் குமிழிகள் தோன்றி நடப்பது. இவ்வளவையும் ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்லலாம். சொல்லாமல் விட்டால்தான் குழப்பம்.

எளிமையாக்குகிறோம் என்று பாடத்தைக் குறைக்காதீர்கள். இருபொருள் படும் இடங்களை நீக்குங்கள். நீளம் என்னை அச்சுறுத்தியதில்லை. எத்தனை பக்கங்கள் என்று தெரியாமல் இருப்பதுதான் அச்சுறுத்தியது. ஆகவே ஒவ்வொரு பக்கத்திலும் "12-இல் 4" என்பது போல எழுதுங்கள். "அடுத்து" என்ற பொத்தான் எல்லாப் பக்கங்களிலும் ஒரே இடத்தில் இருக்கட்டும். நிறத்துக்கு ஒரு பொருள் கொடுத்தால், உதாரணமாக நீலம் என்றால் நீர் என்று வைத்தால், கடைசிவரை மாற்றாதீர்கள். நீல எழுத்தில் ஒரு தலைப்பைப் பார்த்தாலும் அதற்கும் நீருக்கும் என்ன தொடர்பு என்று தேடிக்கொண்டிருப்பேன்.

கண்ணும் வாயும் வைத்து வரைந்த நீர்த்துளி, "வாருங்கள் குழந்தைகளே" என்று அழைக்கும் பூனை முதலியவை தேவையில்லை. அவை யாருக்காக வரையப்படுகின்றன என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

மாதவரம் மென்பொருள் பணியாளர்

கருவிகளைப் பற்றியும் சட்டத்தைப் பற்றியும் மட்டும் சொல்கிறேன். அரசுப் பாடநூல்களின் தமிழ்ப் பிடிஎஃப் கோப்புகளில் பல, எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான யூனிகோடு முறையில் அல்லாமல் பழைய எழுத்துருக் குறியேற்றத்தில் இருக்கின்றன. கண்ணுக்கு ஒழுங்கான தமிழாகத் தெரியும். நகலெடுத்து ஒட்டினால் பொருளற்ற குறிகளாக மாறிவிடும். வாசித்துக் காட்டும் குரலாலும் அதைப் படிக்க முடியாது. தமிழ்நாடு அரசு 2010-இலேயே யூனிகோடைத் தரமாக ஏற்று ஆணையிட்டிருந்தும், அச்சுக்குப் போகும் பக்க வடிவமைப்பில் பழைய வழக்கம் நீடிக்கிறது என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

இதற்கு எளிய வழி, பக்கத்தைப் படமாக எடுத்துக் கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறப்பது. படத்திலுள்ள தமிழை அது எழுத்தாக்கித் தரும். கட்டாயம் ஒருமுறை மெய்ப்புப் பார்க்க வேண்டும். துணைக்காலும் "ர" என்ற எழுத்தும் இடம் மாறியிருக்கும், "ஒ"வும் "ஓ"வும் குழம்பியிருக்கும். நீரின் வாய்பாட்டில் கீழே சிறிதாக நிற்க வேண்டிய 2 பெரும்பாலும் மேலே ஏறி வழக்கமான எண்ணாக நிற்கும். ஆனால் டீச்சர், நீங்கள் எப்படியும் திருப்பி எழுதப் போகிறீர்கள் என்பதால், நேரடியாக யூனிகோடில் தட்டச்சு செய்வதே வேகமான வழி.

பாடத்தை அமைப்பதற்குப் புதிய மென்பொருள் எதையும் கற்க வேண்டியதில்லை. கூகுள் ஸ்லைட்ஸோ பவர்பாயிண்டோ போதும். ஒரு பக்கத்திலுள்ள சொல்லுக்கு இணைப்புக் கொடுத்து, அது பொருள் விளக்கப் பக்கத்துக்குப் போகும்படி செய்யலாம். அங்கே "திரும்பு" என்ற பொத்தானை வைத்து, வந்த பக்கத்துக்கே மீண்டும் இணைக்கலாம். ஒரு பக்கத்தில் ஒரு சொல்லுக்கு மேல் இணைப்பு வேண்டாம் என்பது என் கருத்து. இணையம் இல்லாமல் டேப்லெட்டில் ஓட வேண்டுமென்றால் கோப்பை முன்கூட்டியே இறக்கி வைத்துவிடுங்கள். குரலும் எழுத்தும் ஒன்றாக நகர்ந்து, வாசிக்கும் சொல் ஒளிர வேண்டுமென்றால் ஈபப் 3 என்ற மின்னூல் வடிவம் அதற்கு இடம் தருகிறது. கணினியில் தோரியம் ரீடர் என்ற இலவச மென்பொருள் அதைத் திறக்கும். ஆனால் அதைத் தயாரிக்க நேரம் பிடிக்கும்.

குரலுக்கு மைக்ரோசாஃப்ட் எட்ஜ் உலாவியில் பல்லவி, வள்ளுவர் என்ற பெயர்களில் இரண்டு தமிழ்க் குரல்கள் உள்ளன. உரைநடையை நன்றாகவே வாசிக்கும். வாய்பாடு, அலகு, சுருக்கக்குறி வந்தால் தடுமாறும். அத்தகைய பக்கங்களுக்கு நீங்களே வாசித்துப் பதிவு செய்து இணைத்துவிடுங்கள். வகுப்பில் கேட்டுப் பழகிய குரல் என்பதாலும் அது நல்லதே.

சட்டத்தைப் பொறுத்தவரை அச்சம் வேண்டாம். பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் செய்த திருத்தத்தின்படி, மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்தக்கூடிய வடிவத்துக்கு ஒரு படைப்பை மாற்றுவதும், தனிப்பட்ட பயன்பாட்டுக்கோ கல்விக்கோ அவர்களுக்குப் பகிர்வதும் பதிப்புரிமை மீறல் ஆகாது. 52(1)(இசட்பி) என்ற உட்பிரிவைப் பாருங்கள். இலாப நோக்கமின்றி, உரியவர்களுக்கு மட்டுமே தர வேண்டும். பொதுவெளியில் எல்லோருக்குமாக ஏற்ற நினைத்தால், திறந்த உரிமத்தில் உள்ளவற்றிலிருந்து தொடங்குவது நல்லது. பிரதம் புக்ஸ் பதிப்பகம் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழில் அறிவியல் கதைகள் உண்டு. அவற்றை மாற்றியெழுதவும் உரிமம் இடம் தருகிறது. கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் தளத்தில் சில செயல்முறைக் காட்சிகள் தமிழிலும் கிடைக்கின்றன. வெப்பத்தைக் கூட்டக் கூட்டத் துகள்கள் விலகுவதைப் பிள்ளையே கையால் நகர்த்திப் பார்க்கலாம். ராயபுரம் நண்பர் சொன்ன துகள் வேகத்தை விளக்க அது உதவும்.

தண்டையார்பேட்டை ஆசிரியை

அனைவருக்கும் நன்றி. ராயபுரம் ஐயா சுட்டிய இடம் பாடநூல் விளக்கத்திலும் தெளிவாக இல்லை என்பதால், "வெயில் இல்லாவிட்டாலும் நீர் ஆவியாகும்; வெயிலில் விரைவாக ஆவியாகும்" என்ற வரிக்கு ஒரு முழுப் பக்கத்தையே ஒதுக்கப் போகிறேன். அம்புக்குறியின் மீது எழுதும் முறையை வகுப்பு முழுவதற்கும் பயன்படுத்தலாம் என்று தோன்றுகிறது. மற்ற பிள்ளைகளும் அதே தவற்றைத் தேர்வில் எழுதுகிறார்கள்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். தேர்வில் சொல்லைத் தொட்டால் பொருள் வராது. இந்த உதவிகளுக்குப் பழகிவிட்டால், வெறும் கேள்வித்தாளின் முன்னால் திகைத்துவிடுவார்களே? எந்தக் கட்டத்தில், எவற்றை எடுத்துவிடுவது?

பெரம்பூர் சிறப்புப் பயிற்றுநர்

ராயபுரம் நண்பரின் திருத்தத்தை நானும் ஏற்று, உப்பளப் பக்கத்தில் சேர்த்துக்கொள்கிறேன்.

உதவியை எடுப்பதில் ஓர் ஒழுங்கு வேண்டும். முதலில் குரலை எடுங்கள், பையனுக்கு அது எப்படியும் தேவைப்படாது. அடுத்து, பொருள் பெட்டியில் உள்ள படங்களை ஒவ்வொன்றாகக் குறையுங்கள். வரையறை மட்டும் இருக்கட்டும். அவன் பெட்டியைத் திறக்காமலேயே புதிய படங்களைச் சரியாகப் பிரிக்கிறான் என்றால் இணைப்பையே எடுத்துவிடலாம். ஒரு சொல்லுக்கு எடுத்துவிட்டதால் எல்லாச் சொற்களுக்கும் எடுக்க வேண்டியதில்லை. பெண்ணிடமிருந்து அவளுடைய செயலியை மட்டும் எக்காரணத்தைக் கொண்டும் எடுக்கக்கூடாது. அது அவளுடைய பேச்சு.

"ஏன்" என்ற கேள்விக்கு எழுதிப் பழக, விடைக்கான வாக்கியச் சட்டகத்தைக் கொடுங்கள்: "________ ஆதலால் ________." முதலில் பிற்பாதியை நீங்கள் எழுதிவிட்டு முற்பாதியைக் கேளுங்கள், பிறகு முற்பாதியைக் கொடுத்துவிட்டுப் பிற்பாதியைக் கேளுங்கள், பிறகு நடுவில் உள்ள "ஆதலால்" மட்டும் நிற்கட்டும். பத்தியின் முதல் வரியைத் திருப்பிச் சொல்லும் பழக்கம் இதனால் குறைவதைப் பல பிள்ளைகளிடம் பார்த்திருக்கிறேன், ஏனென்றால் முதல் வரி அந்தச் சட்டகத்துக்குள் அமர்வதில்லை. மின்பாடத்தில் தொட்டு நிரப்புவதோடு விட்டுவிடாமல், அதே சட்டகத்தைத் தாளில் அச்சிட்டும் கொடுங்கள். திரையில் செய்ததைத் தாளில் செய்வது அவர்களுக்குப் புதிய வேலையாகவே இருக்கும்.

வகுப்புத் தேர்வில் கேள்வியின் அமைப்பை மாற்ற உங்களுக்கு இடமிருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் உள்ளடக்கிய 21 வகைகளைப் பட்டியலிடுகிறது. பாடத்திட்டத்திலும் தேர்வு முறையிலும் தக்க மாற்றங்கள் செய்ய வேண்டும் என்று அதன் 17-ஆவது பிரிவு சொல்கிறது. தலைமையாசிரியரிடம் பேசும்போது இந்தப் பிரிவைக் குறிப்பிடுங்கள். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகளை அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் வழியாகப் பெறலாம். அதற்கு மருத்துவச் சான்றும் பள்ளியின் விண்ணப்பமும் தேவைப்படுவதால், பெற்றோரிடம் இப்போதே சொல்லி, சான்றிதழ் நடப்பில் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். உணவுச் சங்கிலிப் பாடத்தை எழுதி முடித்ததும் இங்கே பகிர்ந்தால், என் மாணவர்களிடமும் காட்டிப் பார்த்து, அவர்கள் எந்தப் பக்கத்தில் தடுமாறுகிறார்கள் என்று எழுதுகிறேன்.